அலியா, லூயிஸா, மார்சியானோவா? காலங்கடந்த ஒப்பீடும் கொல்கத்தா தரும் அளவுகோலும்

கொல்கத்தா: பெலே சிறந்தவரா, மரடோனா சிறந்தவரா என்ற விவாதம் கொல்கத்தாவுக்குப் புதிதன்று. 1977ஆம் ஆண்டு செப்டம்பரில் ஈடன் கார்டன் மைதானத்தில் மோகன் பகான் அணிக்கு எதிராக நியூயார்க் காஸ்மாஸ் அணிக்காகப் பெலே ஆடினார். 2008இல் மரடோனாவும் 2011இல் மெஸ்ஸியும் இந்நகருக்கு வந்து சென்றனர். மூன்று தலைமுறைக் கால்பந்து நாயகர்களையும் வரவேற்ற நகரம் என்பதால், ‘அட்டா’ என வங்காளிகள் அழைக்கும் அரட்டைக் கூடங்களில் அந்த விவாதம் இன்றும் ஓய்ந்தபாடில்லை.

உலகக் குத்துச்சண்டை ரசிகர்களிடையே இதற்கு நிகரான, இதைவிடப் பழைமையான விவாதம் ஒன்று உண்டு. ஹெவிவெயிட் பிரிவில் எக்காலத்திற்கும் சிறந்த வீரர் யார் என்பதே அது. ஜாக் ஜான்சன், ஜாக் டெம்ப்ஸி, ஜோ லூயிஸ், ராக்கி மார்சியானோ, முகமது அலி, ஜார்ஜ் ஃபோர்மேன், லாரி ஹோம்ஸ், மைக் டைசன், லெனாக்ஸ் லூயிஸ், ஒலெக்சாண்டர் உசிக் எனப் பட்டியல் நீள்கிறது. இவர்களில் பெரும்பாலோர் ஒருவரையொருவர் மேடையில் சந்தித்ததே இல்லை. அவ்வாறிருக்க, யார் பெரியவர் என்று எதை வைத்து முடிவு செய்வது?

இக்கேள்விக்கு விடை காண்பதில் கொல்கத்தாவுக்கும் ஒரு பங்குண்டு. இந்நகரில் வாழ்ந்த புள்ளியியலாளர் ஒருவர் உருவாக்கிய ஒப்பீட்டு முறை ஒருபுறம் உதவுகிறது. இந்நகரில் பிறந்து அமெரிக்கா சென்று உலகப் பட்டம் வென்ற மல்யுத்த வீரர் ஒருவரின் வாழ்க்கை, பட்டியல்களில் விடுபட்டவர்கள் யார் என்பதை மறுபுறம் நினைவூட்டுகிறது.

கணினி நடத்திய சண்டை

வெவ்வேறு காலத்து வீரர்களை மோதவிடும் முயற்சிகளில் மிகவும் புகழ்பெற்றது 1960களின் இறுதியில் அமெரிக்காவில் நடந்தது. முர்ரே வொரோனர் என்ற வானொலித் தயாரிப்பாளர், வாழ்ந்தவரும் மறைந்தவருமான ஹெவிவெயிட் வீரர்களின் விவரங்களைக் கணினியில் ஏற்றி, 1967இல் கற்பனைப் போட்டித் தொடர் ஒன்றை ஒலிபரப்பினார். அதில் இறுதி வெற்றி மார்சியானோவுக்குக் கிடைத்தது. 1899 முதல் பட்டம் வைத்திருந்த ஜிம் ஜெஃப்ரீஸிடம் அலி தோற்றதாக அக்கணினி முடிவு கூறியது. சினமுற்ற அலி, பத்து லட்சம் டாலர் இழப்பீடு கோரி வழக்குத் தொடுத்தார்.

சமரசத்தின் விளைவாக அலியும், 1956இல் ஓய்வுபெற்றுவிட்ட மார்சியானோவும் 1969இல் ஒரு படப்பிடிப்பு அரங்கில் பல சுற்றுகள் சண்டையிடுவது போல நடித்தனர். சாத்தியமான பல முடிவுகளும் படமாக்கப்பட்டன. எந்த முடிவைக் காட்டுவது என்பது கணினியிடம் விடப்பட்டது. படப்பிடிப்பு முடிந்த சில வாரங்களில், 1969 ஆகஸ்ட் 31 அன்று விமான விபத்தில் மார்சியானோ உயிரிழந்தார். 1970 ஜனவரியில் அமெரிக்கத் திரையரங்குகளில் காட்டப்பட்ட படத்தில் 13ஆவது சுற்றில் மார்சியானோ வென்றார். ஐரோப்பிய ரசிகர்களுக்கோ அலி வெல்லும் முடிவு காட்டப்பட்டது.

ஒரே கணினி, ஒரே இரு வீரர்கள். ஆனால் முடிவுகள் இரண்டு. கணினி தவறு செய்தது என்பதைவிட, அதற்கு ஊட்டப்பட்ட மதிப்பீடுகள் மனிதர்களின் கருத்துகளே என்பதுதான் இதன் பொருள். எந்தத் தகவலைச் சேர்ப்பது, எதற்கு எவ்வளவு மதிப்பளிப்பது என்பதை முடிவு செய்தவர்களே வெற்றியாளரையும் முடிவு செய்துவிட்டனர்.

சங்கிலி முறை

கற்பனையைத் தவிர்த்து, நடந்த போட்டிகளைக் கொண்டே ஒப்பிடலாம் என்பது இரண்டாவது வழி. இருவர் நேரில் மோதாவிட்டாலும், இருவருக்கும் பொதுவான எதிராளி ஒருவர் இருந்தால் அவர் வழியாக இருவரையும் ஒப்பிட இயலும். சதுரங்க வீரர்களுக்கான ‘ஈலோ’ தரவரிசை உள்ளிட்ட பல கணக்கீட்டு முறைகளின் அடிப்படை இதுவே.

ஹெவிவெயிட் வரலாற்றில் இத்தகைய சங்கிலி ஏறத்தாழ அறுபடாமல் கிடைக்கிறது. 1892இல் ஜான் எல். சல்லிவனை ஜிம் கார்பெட் வென்றார். கார்பெட்டை 1897இல் பாப் ஃபிட்ஸ்சிம்மன்ஸும், அவரை 1899இல் ஜெஃப்ரீஸும் வென்றனர். ஜெஃப்ரீஸை 1910இல் ஜாக் ஜான்சன் வீழ்த்தினார். ஜான்சனை 1915இல் ஜெஸ் வில்லார்டும், வில்லார்டை 1919இல் டெம்ப்ஸியும் வீழ்த்தினர்.

டெம்ப்ஸி 1927இல் ஜாக் ஷார்கியை வென்றார். அதே ஷார்கியை 1936இல் இளம் ஜோ லூயிஸ் வென்றார். லூயிஸை 1951இல் மார்சியானோ தோற்கடித்தார். மார்சியானோ 1955இல் தமது கடைசிப் போட்டியில் ஆர்ச்சி மூரை வென்றார். அந்த மூரை 1962இல் வென்றவர், அப்போது கேஷியஸ் கிளே என்ற பெயரில் ஆடிய முகமது அலி. அலியை 1980இல் ஹோம்ஸும், ஹோம்ஸை 1988இல் டைசனும், டைசனை 2002இல் லெனாக்ஸ் லூயிஸும் வென்றனர். லெனாக்ஸ் லூயிஸிடமும் பின்னர் விளாடிமிர் கிளிச்கோவிடமும் தோற்றவர் ஹசிம் ரஹ்மான். கிளிச்கோவை 2015இல் டைசன் ஃபியூரியும், ஃபியூரியை 2024இல் உசிக்கும் வென்றனர். சல்லிவன் முதல் உசிக் வரை 132 ஆண்டுகளை இக்கண்ணிகள் இணைக்கின்றன.

ஆனால் இச்சங்கிலியைக் கூர்ந்து நோக்கினால் அதன் குறை புலப்படும். பெரும்பாலான கண்ணிகளில் மூத்தவர் தளர்ந்திருக்கும் வேளையில் இளையவர் அவரை வென்றிருக்கிறார். மார்சியானோவிடம் தோற்றபோது ஜோ லூயிஸுக்கு வயது 37, மார்சியானோவுக்கு 28. ஹோம்ஸிடம் அலி தோற்றபோது அவருக்கு 38. பத்தாவது சுற்றுக்குப் பின் அவரால் தொடர இயலவில்லை. எட்டாண்டுகள் கழித்து டைசனிடம் ஹோம்ஸ் நான்காவது சுற்றில் வீழ்ந்தபோது ஹோம்ஸுக்கும் 38 வயதே. டைசனுக்கு அப்போது 21. ஓய்வுபெற்று ஆறாண்டுகள் கழித்து மீண்டும் மேடையேற்றப்பட்ட ஜெஃப்ரீஸையே ஜான்சன் வென்றார்.

ஆகவே இச்சங்கிலியை அப்படியே கணக்கில் கொண்டால், ஒவ்வொரு தலைமுறையும் முந்தைய தலைமுறையைவிடச் சிறந்தது என்ற முடிவே கிடைக்கும். அம்முடிவு வீரர்களின் திறமையை மட்டும் காட்டுவதன்று. முதுமையையும் சேர்த்தே காட்டுகிறது. 1980இன் அலியை வென்றதால் 1966இன் அலியையும் ஹோம்ஸ் வென்றிருப்பார் என்று எவரும் வாதிடுவதில்லை.

உடலளவு மட்டும் போதுமா?

ஒப்பீடுகளில் அடுத்து எழுவது உடலளவு பற்றிய வாதம். குத்துச்சண்டையில் எடைக்கு மேல்வரம்பு இல்லாத பிரிவு ஹெவிவெயிட் மட்டுமே. 1952இல் பட்டம் வென்றபோது மார்சியானோவின் எடை ஏறத்தாழ 83 கிலோ. உயரம் 180 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. இன்று தொழில்முறைக் குத்துச்சண்டையில் 90.7 கிலோ வரையுள்ளோர் குரூசர்வெயிட் என்ற தனிப்பிரிவில் ஆடுகின்றனர். 1970களின் இறுதியில்தான் அப்பிரிவு தோன்றியது. இன்றைய விதிப்படி மார்சியானோவும் டெம்ப்ஸியும் ஹெவிவெயிட் வீரர்களாகவே கருதப்பட மாட்டார்கள். 206 சென்டிமீட்டர் உயரமுள்ள ஃபியூரியின் அருகில் அவர்கள் சிறுவர்களைப் போலத் தோன்றுவர்.

ஆயினும் உடலளவை மட்டும் நம்புவதும் தவறாகும். 1919 ஜூலை 4 அன்று டோலிடோ நகரில் டெம்ப்ஸி எதிர்கொண்ட வில்லார்டின் உயரம் இரண்டு மீட்டரை நெருங்கியது. டெம்ப்ஸியைவிட அவர் ஏறத்தாழ 26 கிலோ எடை மிகுந்தவர். முதல் சுற்றிலேயே அவரை ஏழு முறை டெம்ப்ஸி கீழே வீழ்த்தினார். 2024 மே மாதம் ரியாத்தில், 118 கிலோவுக்கும் மேற்பட்ட ஃபியூரியை, குரூசர்வெயிட் பிரிவிலிருந்து வந்தவரான ஏறத்தாழ 101 கிலோ எடையுள்ள உசிக் புள்ளிகள் அடிப்படையில் வென்றார். நூறாண்டு இடைவெளியில் நடந்த இவ்விரு போட்டிகளிலும் வென்றவர் எடை குறைந்தவரே.

அப்படியெனில் உயரம், எடை, கைநீளம், வேகம் ஆகியவற்றை எவ்வாறு சேர்த்து மதிப்பிடுவது? இங்கேதான் கொல்கத்தாவின் பங்களிப்பு பயன்படுகிறது.

மகலனோபிஸ் காட்டிய வழி

1893இல் கொல்கத்தாவில் பிறந்த பிரசாந்த சந்திர மகலனோபிஸ், மாநிலக் கல்லூரியில் இயற்பியல் பேராசிரியராகப் பணியாற்றியவர். இந்திய விலங்கியல் ஆய்வு நிறுவனத்தின் தலைவராக இருந்த நெல்சன் அனண்டேல், கொல்கத்தாவில் வாழ்ந்த ஆங்கிலோ இந்தியர்களின் உடலளவுகளைத் திரட்டி வைத்திருந்தார். அவற்றை ஆராய்ந்து தருமாறு அவர் மகலனோபிஸைக் கேட்டுக்கொண்டார். அதன் பயனாக 1922இல் முதல் ஆய்வுக் கட்டுரை வெளிவந்தது. உடலளவுகளைக் கொண்டு மனிதக் குழுக்களை எவ்வாறு ஒப்பிடுவது என்ற சிக்கல் அவரைத் தொடர்ந்து ஈர்த்தது. 1931இல் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தை அவர் கொல்கத்தாவில் தொடங்கினார். 1936இல் ‘மகலனோபிஸ் தொலைவு’ என இன்று உலகெங்கும் அறியப்படும் அளவீட்டுக்கு முழு வடிவம் தந்தார்.

அதன் அடிப்படைக் கருத்து எளிது. உயரமும் எடையும் தனித்தனியான இரு செய்திகள் அல்ல. உயரமானவர் எடை மிகுந்திருப்பதில் வியப்பில்லை. ஒன்று கூடினால் மற்றொன்றும் கூடுவது இயல்பு. ஆகவே இரண்டையும் தனித்தனியே எண்ணிக் கூட்டினால் ஒரே செய்தியை இருமுறை எண்ணியதாகிவிடும். மேலும், ஐந்து சென்டிமீட்டர் வேறுபாடு என்பது ஒரு கூட்டத்தில் மிகச் சிறிதாக இருக்கலாம். எல்லோரும் ஏறத்தாழ ஒரே உயரமாக உள்ள இன்னொரு கூட்டத்தில் மிகப் பெரிதாக இருக்கலாம். அளவுகள் ஒன்றோடொன்று கொண்டுள்ள தொடர்பையும், அந்தக் கூட்டத்தில் அவை எவ்வளவு பரவிக் கிடக்கின்றன என்பதையும் கணக்கில் கொண்ட பின்னரே ‘தொலைவு’ என்ற சொல்லுக்குப் பொருள் கிடைக்கிறது.

மகலனோபிஸ் குத்துச்சண்டை வீரர்களை அளந்தவர் அல்லர். எனினும் அவரது சிந்தனையைக் காலங்கடந்த ஒப்பீடுகளுக்கும் பொருத்திப் பார்க்கலாம். ஒரு வீரரை மற்றொரு காலத்து வீரரோடு நேராக நிறுத்துவதற்கு முன், அவர் தம் காலத்தவரின் நடுவில் எங்கு நின்றார் என்பதைக் காண வேண்டும். அவருக்கும் அவருக்கு அடுத்த நிலையில் இருந்தவர்களுக்கும் எவ்வளவு இடைவெளி இருந்தது என்பதே முதன்மையான கேள்வி.

கிரிக்கெட் ரசிகர்கள் இதை நன்கறிவர். டான் பிராட்மேன் இன்றைய பந்துவீச்சை எதிர்கொண்டால் எத்தனை ஓட்டங்கள் எடுப்பார் என்று எவராலும் கூற இயலாது. ஆனால் அவருடைய டெஸ்ட் சராசரியான 99.94, அவர் காலத்தவர் எவரும் நெருங்க முடியாத உயரத்தில் நின்றது என்பதை மறுப்பார் இல்லை.

இந்த அளவுகோலின்படி ஜோ லூயிஸின் மதிப்பு உயர்கிறது. 1937 முதல் 1949 வரை ஏறத்தாழ பன்னிரண்டு ஆண்டுகள் பட்டத்தை வைத்திருந்த அவர், 25 முறை அதைக் காத்துக்கொண்டார். 49 போட்டிகளில் ஒன்றில்கூடத் தோல்வியடையாமல் ஓய்வுபெற்ற மார்சியானோவின் சாதனையும் தனித்து நிற்கிறது. ஆனால் எதிராளிகளின் தரத்தை அளவுகோலாகக் கொண்டால் அலி முன்னே வருகிறார். சன்னி லிஸ்டன், ஜோ ஃப்ரேசியர், ஜார்ஜ் ஃபோர்மேன், கென் நார்ட்டன் என அவர் மோதியவர்களின் வரிசை வேறெவருக்கும் வாய்க்கவில்லை. நெடுங்கால நிலைத்திறனே அளவுகோல் எனில் ஃபோர்மேனை எவ்வாறு ஒதுக்க இயலும்? 1974இல் கின்ஷாசாவில் அலியிடம் பட்டத்தை இழந்த அவர், இருபது ஆண்டுகள் கழித்து, 1994இல் தமது 45ஆவது வயதில் அதை மீண்டும் வென்றார். 2025 மார்ச்சில் அவர் மறைந்தார்.

அளவுகோல் மாறும்போது விடையும் மாறுகிறது. எனவே ‘இவரே சிறந்தவர்’ என்ற தீர்ப்போடு, எந்த அளவுகோலின்படி என்பதையும் சேர்த்துக் கூறுவதே நேர்மையான ஒப்பீடாகும்.

மாறிய விதிகள், இழந்த ஆண்டுகள்

காலத்திற்குக் காலம் ஆட்டமும் ஒன்றாக இருக்கவில்லை. 1915இல் ஹவானாவில் ஜான்சனும் வில்லார்டும் மோதிய போட்டி 45 சுற்றுகளுக்குத் திட்டமிடப்பட்டது. 26ஆவது சுற்றில் முடிந்தது. பின்னர் பட்டப் போட்டிகளுக்கு 15 சுற்றுகள் என்பது வழக்கமாயிற்று. 1982 நவம்பரில் ரே மன்சினியுடன் மோதிய தென்கொரிய வீரர் கிம் டுக் கூ, தலைக்காயத்தால் உயிரிழந்தார். அதன் பின்னரே சுற்றுகளின் எண்ணிக்கை 12 ஆகக் குறைக்கப்பட்டது. வீழ்ந்தவர் எழும் வரை எதிராளி நடுநிலை மூலைக்குச் சென்று நிற்க வேண்டும் என்ற விதி 1919இல் டெம்ப்ஸியைக் கட்டுப்படுத்தவில்லை. வில்லார்டு எழ முயலும்போதெல்லாம் அவர் அருகிலேயே நின்று தாக்கினார். 1927இல் ஜீன் டன்னியுடன் மோதியபோது அவ்விதி இருந்தது. டன்னி வீழ்ந்ததும் மூலைக்குச் செல்ல டெம்ப்ஸி தாமதித்தார். அதனால் எண்ணிக்கை தாமதமாகத் தொடங்கியது; எழுந்த டன்னி போட்டியையும் வென்றார்.

ஏட்டில் இடம்பெறாத ஆண்டுகளும் உண்டு. வியட்நாம் போருக்காகப் படையில் சேர மறுத்ததால் 1967 முதல் 1970 வரை மூன்றரை ஆண்டுகள் அலி மேடையேற இயலவில்லை. அப்போது அவருக்கு வயது 25 முதல் 28 வரை. ஒரு ஹெவிவெயிட் வீரரின் உடல் உச்சத்தில் இருக்கும் பருவம் அது. இரண்டாம் உலகப் போரின்போது படையில் பணியாற்றிய ஜோ லூயிஸ், 1942 முதல் 1946 வரை பட்டப் போட்டிகளில் ஈடுபடவில்லை. எந்தக் கணக்கீட்டாலும் அந்த ஆண்டுகளை மீட்டுத்தர இயலாது.

மேடையேற விடப்படாதவர்கள்

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய குறை மற்றொன்று உண்டு. நடந்த போட்டிகளையே பதிவேடுகள் சொல்கின்றன. நடக்க விடப்படாத போட்டிகளை அவை சொல்வதில்லை.

கறுப்பின வீரர் எவருடனும் பட்டத்துக்காக மோதமாட்டேன் என்று சல்லிவன் வெளிப்படையாகவே அறிவித்திருந்தார். 1908 டிசம்பர் 26 அன்று சிட்னியில் டாமி பர்ன்ஸை வென்ற ஜாக் ஜான்சனே முதல் கறுப்பின ஹெவிவெயிட் சாம்பியன் ஆனார். 1910இல் அவர் ஜெஃப்ரீஸை வீழ்த்தியதும் அமெரிக்காவின் பல நகரங்களில் இனக்கலவரம் மூண்டது. போட்டியின் திரைப்படத்துக்குப் பல இடங்களில் தடை விதிக்கப்பட்டது. 1912இல் குத்துச்சண்டைப் படங்களை மாநிலம் விட்டு மாநிலம் கொண்டுசெல்வதையே அமெரிக்கச் சட்டம் தடுத்தது.

1915இல் ஜான்சன் பட்டத்தை இழந்த பின்னர், 1937இல் ஜோ லூயிஸ் மேடையேறும் வரை 22 ஆண்டுகள் கறுப்பின வீரர் எவருக்கும் ஹெவிவெயிட் பட்டத்துக்கு மோத வாய்ப்பளிக்கப்படவில்லை. டெம்ப்ஸியின் காலத்தில் முதன்மைப் போட்டியாளராகக் கருதப்பட்ட ஹாரி வில்ஸ் பல ஆண்டுகள் காத்திருந்தும் அப்போட்டி நடக்கவே இல்லை. சாம் லாங்ஃபோர்டுக்கு வாழ்நாளில் ஒருமுறைகூட உலக ஹெவிவெயிட் பட்ட வாய்ப்புக் கிட்டவில்லை. தாமே இனத்தடையை உடைத்த ஜான்சனும், சாம்பியனான பின் லாங்ஃபோர்டுக்கு அவ்வாய்ப்பை அளிக்கவில்லை. டெம்ப்ஸியின் வெற்றிகளை மதிப்பிடும்போது, அவர் யாரை வென்றார் என்பதோடு யாரைச் சந்திக்கவில்லை என்பதும் கணக்கில் வர வேண்டும்.

கோபர் குஹாவின் 1921

டெம்ப்ஸி காலத்து அமெரிக்காவுக்கே கொல்கத்தாவிலிருந்து ஒருவர் சென்றார். யதீந்திர சரண் குஹா என்ற இயற்பெயரைவிடக் கோபர் குஹா என்ற பெயரே வங்காளத்தில் நிலைத்தது. 1892இல் பிறந்த அவர், மல்யுத்தத்தைப் பேணி வளர்த்த குடும்பத்தைச் சேர்ந்தவர். அவருடைய பாட்டனார் அம்பிகா சரண் குஹா வடகொல்கத்தாவில் நடத்திய மல்யுத்தக் கூடம் அந்நாளில் பெயர்பெற்றது.

1913இல் ஸ்காட்லாந்து சென்ற கோபர், அங்கு ஜிம்மி கேம்ப்பெல், ஜிம்மி எஸ்ஸன் ஆகியோரை வென்றார். 1921 ஆகஸ்ட் 30 அன்று சான் பிரான்சிஸ்கோவில் ஆட் சான்டெலைத் தோற்கடித்து, தொழில்முறை மல்யுத்தத்தில் உலக லைட் ஹெவிவெயிட் பட்டத்தைக் கைப்பற்றினார். அதற்கு இரு மாதங்களுக்கு முன்புதான் ஜெர்சி சிட்டியில் டெம்ப்ஸியும் பிரான்சின் ஜார்ஜ் கார்ப்பென்டியரும் மோதிய போட்டி, நுழைவுக் கட்டணமாகப் பத்து லட்சம் டாலருக்கு மேல் ஈட்டிய முதல் குத்துச்சண்டைப் போட்டியானது. அடுத்த ஈராண்டுகளுக்குள், 1923இல், இந்தியர்கள் அமெரிக்கக் குடியுரிமை பெறத் தகுதியற்றவர்கள் என்று பகத் சிங் திண்ட் வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அத்தகைய சூழலில் அங்கு ஓர் இந்தியர் உலகப் பட்டம் வென்றார் என்பது குறிப்பிடத்தக்கது.

அவருக்கு முன்பே, 1910இல், பஞ்சாபைச் சேர்ந்த காமா லண்டன் சென்றிருந்தார். போலந்தின் ஸ்டானிஸ்லாஸ் ஸ்பிஸ்கோ அவருடன் இரண்டரை மணி நேரத்திற்கும் மேலாக மோதினார், முடிவு எட்டப்படவில்லை. ஒரு வாரம் கழித்து நடக்கவிருந்த மறுபோட்டிக்கு ஸ்பிஸ்கோ வரவில்லை. 1928இல் பட்டியாலாவில் இருவரும் மீண்டும் மோதியபோது ஒரு நிமிடத்திற்குள்ளாகவே காமா வென்றார். அவர் சந்திக்க விரும்பிய மேலைநாட்டுச் சாம்பியன்கள் பலர் அவருடன் மோதவே இல்லை. காமா, கோபர் குஹா ஆகியோரின் தரத்தை மதிப்பிட முயல்வோர் எதிர்கொள்ளும் இடர், லாங்ஃபோர்டையும் வில்ஸையும் மதிப்பிடுவோர் எதிர்கொள்வதே. நடக்காத போட்டிகளுக்குப் புள்ளிவிவரம் இல்லை.

இந்தியாவின் ஹெவிவெயிட் வீரர்கள்

குத்துச்சண்டையில் இந்தியாவுக்கும் இத்தகைய தலைமுறை ஒப்பீடு உண்டு. ராணுவ வீரரான ஹவா சிங், 1966, 1970 ஆகிய இரு ஆசிய விளையாட்டுப் போட்டிகளிலும் ஹெவிவெயிட் தங்கம் வென்றவர். தொடர்ந்து 11 முறை தேசியச் சாம்பியனாக விளங்கியவர். அவரைப் போலவே ராணுவத்திலிருந்து வந்த கவுர் சிங், 1982 டெல்லி ஆசிய விளையாட்டில் அதே பிரிவில் தங்கம் வென்றார். 2021இல் நடைபெற்ற டோக்கியோ ஒலிம்பிக்கில் சூப்பர் ஹெவிவெயிட் பிரிவுக்குத் தகுதிபெற்ற முதல் இந்தியரான சதீஷ் குமார், முகத்தில் தையல்களோடு காலிறுதியில் மேடையேறி, உலகச் சாம்பியன் பகோதிர் ஜலோலோவிடம் தோற்றார்.

ஹவா சிங்கும் சதீஷ் குமாரும் மேலே கூறிய உலகச் சங்கிலியில் இடம்பெறவில்லை. கியூபாவின் தியோஃபிலோ ஸ்டீவன்சனும் அதில் இல்லை. 1972, 1976, 1980 ஆகிய மூன்று ஒலிம்பிக் போட்டிகளிலும் தங்கம் வென்ற அவர், தொழில்முறைக்கு வர மறுத்தார். ரசிகர்கள் பெரிதும் எதிர்பார்த்த அலி–ஸ்டீவன்சன் மோதல் நடக்கவில்லை. தொழில்முறைப் பட்டங்களைக் கொண்டு மட்டுமே சிறந்தவரைத் தேடும் பட்டியல்கள், சோவியத் ஒன்றியமும் கியூபாவும் இந்தியாவும் இருந்த உலகின் பெரும்பகுதியை விட்டுவிடுகின்றன.

அந்த உலகத்தை அலியோடு இணைக்கும் மெல்லிய இழை ஒன்று இந்தியாவில் உண்டு. 1980 ஜனவரி 27 அன்று டெல்லியில் நடந்த நான்கு சுற்றுக் காட்சிப் போட்டியில் கவுர் சிங் அலியுடன் மோதினார். அதே பயணத்தில் சென்னைக்கு வந்த அலி, நேரு விளையாட்டரங்கில் ஜிம்மி எல்லிஸுடன் காட்சிப் போட்டியில் பங்கேற்றார். அப்போதைய முதலமைச்சர் எம்.ஜி.ஆர். அந்நிகழ்ச்சியில் கலந்துகொண்டார். சார்பட்டா, இடியப்ப நாயக்கர் பரம்பரைகளின் மோதல்களைத் தலைமுறை தலைமுறையாகப் பேசிவந்த வடசென்னைக்கு அது மறக்க முடியாத வருகை. காட்சிப் போட்டிகள் எந்தத் தரவரிசையிலும் சேர்க்கப்படுவதில்லை. 2023 ஏப்ரலில் கவுர் சிங் மறைந்தபோது, அவரது ஆசியத் தங்கத்தோடு அந்த நான்கு சுற்றுகளையும் நாடு நினைவுகூர்ந்தது.

விடை எங்கே?

1970இன் கணினிக்குப் பின் கருவிகள் வெகுவாக முன்னேறியுள்ளன. 2024 டிசம்பரில் உசிக்கும் ஃபியூரியும் மீண்டும் மோதியபோது, செயற்கை நுண்ணறிவு நடுவர் ஒன்றும் சோதனை முறையில் புள்ளியிட்டது. அதிகாரப்பூர்வ முடிவில் அது சேர்க்கப்படவில்லை. மூன்று மனித நடுவர்களைப் போலவே அதுவும் உசிக்கே வென்றதாகக் கணித்தது. கண்ணெதிரே நடக்கும் போட்டியைக் கணக்கிடக் கருவிகள் உதவும். ஆனால் 1920களில் ஹாரி வில்ஸுக்கு மறுக்கப்பட்ட போட்டியை எந்தக் கருவியும் நடத்திக்காட்டாது.

ஆகவே காலங்கடந்த ஒப்பீட்டில் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. தம் காலத்தவரைவிட இவர் எவ்வளவு தொலைவு முன்னே நின்றார்? இவர் எதிர்கொண்டவர்களின் தரம் என்ன? அக்காலத்தில் இவரை எதிர்கொள்ள யாருக்கெல்லாம் அனுமதி மறுக்கப்பட்டது? முதல் கேள்விக்கு ஜோ லூயிஸும், இரண்டாவதற்கு அலியும் வலுவான விடைகள். மூன்றாவது கேள்வி டெம்ப்ஸியின் புகழைக் குறைக்கிறது. லாங்ஃபோர்டின் பெயரை உயர்த்துகிறது. எந்தத் தடையும் இன்றி உலகெங்குமுள்ள வீரர்கள் மோதும் காலத்தில், 37 வயதில் ஃபியூரியை இருமுறை வென்று, 2025 ஜூலையில் டேனியல் டுபுவாவையும் வீழ்த்தி எல்லாப் பட்டங்களையும் மீண்டும் ஒருசேரப் பெற்ற உசிக்கின் இடத்தையும் அதே கேள்வி உயர்த்துகிறது.

வடகொல்கத்தாவின் கோவாபாகான் பகுதியில் கோபர் குஹாவின் பெயரால் அறியப்படும் மல்யுத்தக் கூடம் இன்றும் உள்ளது. 1972இல் அவர் மறைந்து அரை நூற்றாண்டு கடந்துவிட்டது. உலகின் சிறந்த வீரர்கள் பட்டியல்களில் அவர் பெயர் அரிதாகவே காணப்படுகிறது. அவருடைய திறமையை அப்பட்டியல்கள் அளந்து பார்த்து ஒதுக்கவில்லை; அளப்பதற்குத் தேவையான போட்டிகள் பலவும் நடைபெறவே இல்லை.